ஷூவுக்கு எடுத்த எக்ஸ்ரே

எலும்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, ஆம்பூரில் கால் வலி என்று வருகிறவர்கள் உங்களிடம் முதலில் காலைக் காட்ட மாட்டார்கள். செருப்பைக் காட்டுவார்கள். "ஹீல் சரியில்ல டாக்டரம்மா, ஃபோம் கம்மியா வெச்சிட்டான்" என்று ஆரம்பித்து, அது எந்தக் கம்பெனி, எந்த லைனில் தைத்தது என்பது வரை சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள். வீட்டுக்கு ஒருவர் ஷூ கம்பெனிக்குப் போகிற ஊர், வேறு எப்படி இருக்கும்? இதை நினைத்து நான் எரிச்சல்பட்ட நாட்கள் உண்டு. ரிட்டயர் ஆன பிறகு இப்போது சிரிப்பாக இருக்கிறது.

எலும்புக்குள் வரும் நீர்க்கட்டியைப் பற்றி உங்கள் பாடப்புத்தகத்தில் ஒன்றிரண்டு பக்கம் இருக்கும். பரீட்சைக்குப் படித்து, எழுதி, மறந்தும் போயிருப்பீர்கள். தப்பில்லை, நானும் அப்படித்தான். எலும்பின் நடுவே ஒரு பொந்து உண்டாகி, அதில் மஞ்சளாக நீர் சேர்ந்து, வருஷக்கணக்கில் மெல்ல மெல்லப் பெரிதாகும். ஏன் வருகிறது என்று இன்றுவரை யாரும் அடித்துச் சொன்னதில்லை. காய்ச்சல் கிடையாது, வீக்கம் கிடையாது, பெரும்பாலும் வலியும் கிடையாது. சுற்றியிருக்கும் எலும்புச் சுவர் மெலிந்துகொண்டே போனாலும் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். ஆளும் ஓடுவார், ஆடுவார், பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பார்.

அது வெளியே தெரிவது இரண்டே வழியில்தான். சுவர் விரிசல் விட வேண்டும், அல்லது வேறு எதற்கோ எடுத்த படத்தில் வந்து மாட்ட வேண்டும். கிரிக்கெட்டில் பந்தை வீசி எறிந்த ஒரு கல்லூரிப் பையனுக்குக் கை எலும்பே முறிந்து போனது. "பந்து எறிஞ்சா கை ஒடையுமா டாக்டரம்மா? எவனோ அடிச்சிருக்கான், இவன் மறைக்கிறான்" என்று அவன் அப்பா என்னிடம் சண்டைக்கு வந்தார். படத்தில் பொந்தைக் காட்டிய பிறகுதான் மகனிடம் நல்லபடியாகப் பேசினார்.

ஆனால் நான் சொல்ல வந்தது சுகுணாவின் கதை. அதில் எலும்பு ஒடிந்து போகவும் இல்லை, அவள் விழவும் இல்லை. ஒரு ஷூவை எக்ஸ்ரே எடுக்கப் போய் மாட்டியது.

கொரோனா முடிந்து கம்பெனிகள் மறுபடி முழு வேகத்தில் ஓட ஆரம்பித்திருந்த சமயம். ஒரு பகல் நேரத்தில் இலியாஸ் பாய் என் அறைக்குள் வந்தார். வாணியம்பாடிக்காரர், ஒரு பெரிய ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமுக்குப் பொறுப்பாளர். அவருடைய முதுகுவலியை நான்தான் பல காலமாகப் பார்த்துவந்தேன் என்பதால் உரிமையோடு வருவார். கூட ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம். பாய் கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒற்றை ஷூ.

"டாக்டரம்மா, ஒரு சின்ன உபகாரம். இந்த ஷூவ எக்ஸ்ரே எடுக்கணும்."

"எலும்பு இருக்கிறதுக்குத்தான் பாய் எக்ஸ்ரே."

"இவ கால் உள்ள இருக்கும் இல்ல? போட்டுக்கினே எடுங்க. உள்ள எங்கயோ ஆணி தூக்கிக்கினு இருக்குது. தடவிப் பாத்தா கைக்குத் தெரியல. நாலு மாசமா ஒரே பேஜாரு."

அப்புறம் விளக்கினார். புது மாடல் வந்தால் முதலில் ஒற்றை ஷூதான் தைத்துப் பார்ப்பார்கள், அந்தக் கம்பெனியில் அது எப்போதும் இடது கால். அளவு பிசகாத ஒரு கால் அதைப் போட்டு நடந்து பார்த்து, எங்கே பிடிக்கிறது, எங்கே தளர்கிறது என்று சொல்ல வேண்டும். அது சரி என்றால்தான் ஜோடி தைப்பார்கள். அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தையல் லைனுக்கு வேலைக்கு வந்த சுகுணாவுக்கு அப்படி ஒரு கால் அமைந்திருந்தது. அளந்து பார்த்தவர்கள் அசந்துபோய் அவளைச் சாம்பிள் ரூமுக்குக் கூட்டிக்கொண்டார்கள். காலைவிட அவளுடைய உணர்ச்சி பெரிய விஷயம் என்றார் பாய். உள்ளே ஒரு தையல் கொஞ்சம் தடித்திருந்தாலும் இடத்தைத் தொட்டுக் காட்டிவிடுவாளாம்.

நாலு மாதமாக எந்த ஷூ போட்டாலும் இடது குதிகால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களும் ஃபோமைக் கூட்டினார்கள், ஹீலைக் குறைத்தார்கள், பின்பக்க அட்டையை மெத்தென்று மாற்றினார்கள், கடைசியில் ஷூ செய்யும் அச்சையே திருத்தி வாங்கினார்கள். வலி போகவில்லை. அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து பையர், அதாவது ஷூவை மொத்தமாக வாங்குகிறவர், வருகிறார். அவர் முன்னால் சுகுணா இந்த ஷூவைப் போட்டு நடந்து காட்ட வேண்டும்.

"காலுலயே இருக்கலாமே பாய்?" என்றேன்.

பாய்க்குக் கோபமே வந்துவிட்டது. "இன்னா டாக்டரம்மா இப்டி சொல்றீங்க? டிசைனர் பொய் சொல்வான், மெஷினு தப்பா காட்டும். இந்தப் பொண்ணு கால் பொய்யே சொல்லாது."

என்ன ஒரு நம்பிக்கை பாருங்கள். கால் சொன்னது உண்மைதான், அதில் குறையே இல்லை. கால் எதைப் பற்றிச் சொன்னது என்பதைத்தான் அத்தனை பேரும் கோட்டை விட்டிருந்தார்கள். ஒற்றை ஷூ மட்டுமே போட்டுப் பார்ப்பதால் வலது கால் வலிக்கிறதா என்ற யோசனையே யாருக்கும் வரவில்லை.

ஷூவுக்கு எக்ஸ்ரே கேட்டால் சிரித்து அனுப்பிவிடுவதுதான் வழக்கம். நான் அனுப்பாததற்கு ஒரு காரணம் உண்டு. ஷூ பாய் கையில் இருந்தது. சுகுணா காலில் இருந்தது சாதாரண ரப்பர் செருப்பு. இருந்தும் அவள் இடது குதிகாலை முழுசாக ஊன்றாமல், வலது பக்கம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைகளே, பேசுகிறவரைக் கேளுங்கள், ஆனால் கண் நோயாளியின் மேல் இருக்கட்டும்.

எக்ஸ்ரே எடுக்கும் ஸ்டெல்லா, வழக்கமாகக் கேட்க வேண்டியதை எல்லாம் அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டு, "மேடம், இன்னா எடுக்கணும்னு எழுதட்டும்? குதிகாலா, ஷூவா?" என்றாள். "வாயை மூடிக்கிட்டு எடும்மா" என்றேன். அவள் சிரித்துக்கொண்டேதான் எடுத்தாள், திரையில் படம் வரும் வரைக்கும்.

ஷூவில் ஒரு குற்றமும் இல்லை. ஹீலின் ஆணிகள் ஒழுங்காக இருந்தன, நடுவில் இரும்புத் தகடு அதனுடைய இடத்தில் இருந்தது. அழகாகத் தைத்திருந்தார்கள். ஷூவுக்குள் இருந்த குதிகால் எலும்பில் ஒரு கருப்புப் பொந்து. எலும்பில் பாதிக்கு மேல் அதுவே இருந்தது. வெளிச்சுவர் ஒரு பக்கம் கோடு போட்டது போல மெலிந்து, அந்தக் கோட்டிலும் மயிரிழை விரிசல்; வலி அங்கிருந்துதான்.

வாசலில் பாய் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். "ஆணி தெரியுதா டாக்டரம்மா? காட்டுங்க, நான் போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பிட்றேன். எங்க கம்பெனி எம்.டி. வெயிட் பண்றாரு." பணம் கட்டியது அவர், கூட்டி வந்தது அவர், அவசரமும் அவருடையது. படமும் தனக்குத்தான் என்று அவர் நினைத்ததில் ஆச்சரியமில்லை. எனக்கும் அவர் மேல் பிரியம் உண்டு. ஆனாலும் கதவைச் சாத்தினேன். எலும்பு யாருக்குச் சொந்தமோ, படமும் அவர்களுக்குத்தான் சொந்தம். "ஒரு டீ சாப்பிட்டு வாங்க பாய், நேரமாகும்" என்று அனுப்பிவிட்டுச் சுகுணாவை உட்கார வைத்தேன்.

"வெறுங்காலோட நடந்தா வலிக்குதா?"

"வலிக்கும்மா."

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா. காலைல எழுந்து கீழ கால் வெச்சா சுருக்குன்னும். பஸ்ஸுலேர்ந்து எறங்கறப்போ ஜாஸ்தி."

"இதை ஏம்மா கம்பெனியில சொல்லல?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "ஷூ எப்டி இருக்குதுன்னுதான கேப்பாங்க? வீட்ல வலிக்கறத அங்க போயி எதுக்கும்மா சொல்லணும்?"

எனக்குச் சிரிப்பதா, அவள் தலையில் ஒரு குட்டு வைப்பதா என்று தெரியவில்லை. குதிகாலை இரண்டு பக்கமும் மெல்ல அழுத்தினேன், துடித்துவிட்டாள். ஷூ இல்லாமல் மறுபடி படம் எடுத்து அவளுக்குக் காட்டினேன். "உள்ள காலியா இருக்கு. தண்ணி சேர்ந்து பொந்தாயிருக்கு. மேல ஓடு மட்டும்தான் தாங்குது."

"பொக்குக் கடலையாட்டமா?" என்று கேட்டாள். நிலக்கடலை விளையும் ஊர்ப் பெண். வெளியே முழுக் காயாகத் தெரிந்து உள்ளே ஒன்றுமில்லாத கடலைக்கு அங்கே அதுதான் பெயர். நான் அரைமணி நேரம் விளக்க இருந்ததை அவளே முடித்துவிட்டாள். உடனே அடுத்த கேள்வி வந்தது. "கேன்சராம்மா?"

"பாத்தா அப்படித் தெரியல. வேலூர்ல ஸ்கேன் எடுக்கணும். ஆபரேஷன்ல உள்ள இருக்கிறதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். அது வந்த பிறகுதான் இல்லைன்னு உறுதியாச் சொல்வேன்." பயப்படுகிறார்களே என்று முன்கூட்டியே சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை எப்போது தெரியும் என்று சொல்லுங்கள்.

அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த வாரம் மட்டும் நடந்துட்றேம்மா. அதுக்கப்புறம் இன்னா வேணா பண்ணுங்க" என்றாள்.

"ஹீல் ஷூவைப் போட்டுக்கிட்டா? ஓடு நொறுங்கிப் போச்சுன்னா குதிகாலே தட்டையாயிடும். அப்புறம் எந்த ஷூவும் உன் காலுக்குப் பொருந்தாது."

"நான் நடக்கலன்னா வேற கால் பாத்துடுவாங்கம்மா. அப்புறம் என்னை எதுக்கு வெச்சிருக்கப் போறாங்க?"

அவளுக்கு அந்த வேலை எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. லைனில் உட்கார்ந்து மிஷின் மிதித்துக்கொண்டிருந்த பெண்ணை, டிசைனரும் எம்.டி.யும் சூழ்ந்து நின்று, "எப்படி இருக்கு சுகுணா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். அவள் வேண்டாம் என்றால் ஒரு மாடலே நிற்கிறது. அதை விட்டுவிடச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்?

பாயிடம் நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். "நானே சொல்றேன்" என்றாள். பாய் டீயோடு உள்ளே வந்தார். "ஷூ நல்லாத்தான் இருக்குது பாய். என் கால்தான் கெட்டுப் போச்சு" என்றாள். மீதியை நான் சொன்னேன். பாய் டீயை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பையரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நோவு இவளுக்கு, வைத்தியம் பூரா ஷூவுக்குப் பண்ணியிருக்கோமே, யா அல்லா" என்றார். பிறகு தன் போனை எடுத்து, பையர் வருகையைத் தள்ளி வைக்கச் சொல்லி அங்கேயே எம்.டி.யிடம் சண்டை போட்டார். அந்த மனுஷனின் முதுகுக்கு நான் என்றைக்கும் ஃபீஸ் வாங்கியிருக்கக் கூடாது.

ஸ்கேனில் பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை. ஆபரேஷன் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே. பொந்தைச் சுரண்டி, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து நிரப்ப வேண்டும். அந்தத் தொழில்நுணுக்கமெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் தூக்கம் கெட்டது வேறு ஒன்றுக்காக. வெளிக் கணுக்காலுக்குப் பின்னால் இறங்கி வரும் ஒரு மெல்லிய நரம்பு பாதத்தின் வெளி ஓரத்துக்கு உணர்ச்சி தருகிறது. நாம் வெட்ட வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே அது போகிறது. கை பட்டு அது அறுந்தால் ஓரத்தில் கொஞ்சம் மரத்துப் போகும், நடக்க ஒரு தடையும் இருக்காது. மற்றவர்கள் அதைப் பெரிதாக நினைக்கவே மாட்டார்கள். ஆனால் சுகுணா சம்பாதிப்பதே அந்த உணர்ச்சியை வைத்துத்தான். இதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன்.

மறுநாள் கம்பெனியில் தோலுக்குக் குறி போடும் வெள்ளிப் பேனாவோடு வந்தாள். கட்டிலில் காலை நீட்டி, ஷூவின் மேல் விளிம்பு எங்கே வரும், மேல்தோல் அடிப்பாகத்தோடு சேரும் இடம் எங்கே வரும் என்று இரண்டு கோடு இழுத்தாள். "இந்த ரெண்டு மேலயும் தழும்பு வந்தா உரசும்மா." நான் என் பேனாவால் நரம்பு போகும் வழியை வரைந்தேன். நரம்புக்குக் கீழே, அவளுடைய கீழ்க்கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலம் மிஞ்சியது. "இவ்ளோ சின்னதா வெட்டுங்க போதும்" என்று நகத்தைக் காட்டினாள். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சின்னதாக வெட்டினால் எனக்கு உள்ளே கண் போகாது, நரம்பைக் கண்ணால் பார்க்காமல் இழுக்க வேண்டி வரும். "தழும்பு பெருசாத்தான் இருக்கும், நரம்பு பிழைக்கட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுத் தலையாட்டினாள்.

ஆபரேஷனில் நரம்பைப் பார்த்தேன், ஒதுக்கி வைத்தேன், முழுசாக விட்டுவிட்டு வந்தேன். டெஸ்ட் முடிவு நல்லபடியாக வந்தது. அதை போனில் சொன்னபோது பாய் வாணியம்பாடி தெருவுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினார்.

ஆனால் தையல் பிரிக்கும்போது பஞ்சால் பாதத்தின் வெளி ஓரத்தைத் தொட்டது சுகுணாவுக்குத் தெரியவில்லை. நரம்பு அறுபடவில்லை, ஒதுக்கியதில் அடிபட்டிருக்கும், திரும்பி வரும் என்று நான் நம்பினேன். வரும் என்று எழுதிக் கொடுக்க முடியுமா? முடியாது. அப்படியேதான் அவளிடமும் சொன்னேன். ஒவ்வொரு முறை வரும்போதும் பஞ்சு வைப்பேன். ஒரு தடவை, "தெரியுது டாக்டரம்மா, நல்லாத் தெரியுது" என்றாள் உற்சாகமாக. கண்ணை மூடச் சொன்னேன். தொடாமலே "இப்போ?" என்று கேட்டேன். "தெரியுது" என்றாள்.

"அடி கழுதை, நான் பஞ்சே வைக்கல."

நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. என் மனசைத் திருப்திப்படுத்தத்தான் அப்படிச் சொன்னாளாம். நான் ஒவ்வொரு முறையும் முகத்தைத் தொங்கப் போடுகிறேனாம். பிள்ளைகளே, நோயாளிகள் நம்மேல் பிரியம் வைத்துவிட்டால் இப்படியும் பொய் சொல்வார்கள். முகத்தைக் கொஞ்சம் கட்டுப்படுத்திக்கொள்ளப் பழகுங்கள். நான் கடைசி வரைக்கும் பழகவில்லை.

இதற்குள் பாய் வேறு ஒரு பெண்ணுக்கு ஷூ போட்டுப் பார்த்தார். அளவெல்லாம் சரிதான். எந்த ஷூவைக் கொடுத்தாலும் "நல்லாருக்குது சார்" என்று சொல்லிவிடுவாளாம். பாய் என்னிடம் வந்து முதுகைக் காட்டிவிட்டு, சுகுணாவின் குதிகாலைப் பற்றி விசாரிப்பார். அவளுக்கு உட்கார்ந்து ஜோடி செக் பண்ணும் வேலை கொடுத்து வைத்திருந்தார்.

மெல்ல எலும்பு நிரம்பியது. படத்தில் பொந்து இருந்த இடம் வெளுத்துக்கொண்டு வந்தது. மரத்துப் போன இடமும் முதலில் எறும்பு ஊர்வது போல, பிறகு குறுகுறுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. பஞ்சு தெரிந்தது. இந்த முறை நான் தொடாமல் ஏமாற்றிப் பார்த்தபோது இல்லை என்று சரியாகச் சொன்னாள். சாம்பிள் ரூமுக்குத் திரும்பிப் போகலாம் என்று அனுப்பினேன், கதை முடிந்தது என்றும் நினைத்தேன்.

சில நாள் கழித்து ஒரு நாள் காலையிலேயே வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது. காலில் புது சாம்பிள் ஷூ. "வலிக்குதும்மா" என்றாள். நீர்க்கட்டி திரும்ப வருவதும் உண்டு என்று உங்களுக்குத் தெரியும்.

"எங்க?"

"சுண்டு விரலுக்குக் கீழ, வெளிப்பக்கமா. பாய்கிட்ட சொல்லலம்மா. போன தடவ ஷூ ஷூன்னு சொல்லி நாலு மாசம் அவரை அலையவிட்டேன். இது ஷூவா, என் காலான்னு எனக்கே தெரியல. எங்கியாவது குத்துனா முன்னல்லாம் டக்குன்னு சொல்லிடுவேன். இப்ப பயமா இருக்குது. நீங்க படம் எடுத்துப் பாத்துச் சொல்லுங்க."

அவளுடைய எலும்பைப் பற்றிக் கவலைப்பட்டேன், நரம்பைப் பற்றிக் கவலைப்பட்டேன். அந்தப் பெண் தன் காலை நம்புவதையே விட்டுவிட்டாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஷூவைக் கழற்றி வராண்டாவில் வெறுங்காலோடு போய் வரச் சொன்னேன். குதிகாலை ஊன்றி நேராக நடந்தாள். வலி இல்லை. அழுத்திப் பார்த்தேன், இல்லை. குதிக்கச் சொன்னேன், தயங்கித் தயங்கிக் குதித்தாள். இல்லை. பிறகு ஷூவுக்குள் கையை விட்டேன். வழவழவென்று இருந்தது. அவள் சொன்ன இடத்தில் நகத்தால் மெல்லக் கீறிக்கொண்டே போனேன். ஷூவின் உள்தோலுக்கு அடியில் ஏதோ தட்டியது. தையல் நூலின் முடிச்சு ஒன்று, கடுகைவிடச் சின்னது, வெட்டாமல் விட்டிருந்தார்கள். மரத்துப் போயிருந்த அதே வெளி ஓரத்தில், என் விரலுக்கே தெரியாத முடிச்சை அவள் கால் கண்டுபிடித்திருந்தது.

அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். "படம் எதுக்கு? உன் கால் சொன்னது சரி. ஷூதான்."

"ஷூவா?"

"ஷூதான்டி."

அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அங்கே பாய் ஏதோ அவசரத்தில் இருந்திருக்க வேண்டும், "அப்புறம் பேசறேன்" என்பது எனக்கே கேட்டது. "அப்புறம் இல்ல பாய், இப்பவே கேளுங்க" என்று என் அறையில், என் மேஜைக்கு முன்னால் நின்று அதட்டினாள். "சுண்டு விரல்கிட்ட உள்ள முடிச்சு விட்டிருக்கீங்க. இத்த நான் பாஸ் பண்ண மாட்டேன். மறுபடி தெச்சி எடுத்துக்கினு வாங்க."

அந்தப் பக்கம் பாய் சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த நோயாளியை உள்ளே அனுப்பலாமா என்று சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். இந்த முறையும் என் முகம் எனக்குக் கட்டுப்படவில்லை.